மலைப் புல்வெளியில் சிம்பொனி

நேயர்களுக்கு வணக்கம்.

அக்னி நட்சத்திரம் தொடங்கும் முன்பே வேலூர், குடியாத்தம், ஆற்காடு பக்கத்தில் சில வீடுகளுக்குப் பூட்டு விழுந்துவிடும். அம்மா, அப்பா இருவரும் அமெரிக்காவில் பிள்ளை வீட்டில். ஜூலையில் அந்தப் பிள்ளைகள் இவர்களை ஒரு மலைக்கு அழைத்துப்போய், புல்தரையில் உட்காரவைத்து, சிம்பொனி, அதாவது பெரிய இசைக்குழு சேர்ந்து வாசிக்கும் மேற்கத்திய இசை, கேட்கச் சொல்வதும் உண்டு. இளையராஜா 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு தம் சிம்பொனியை அரங்கேற்றிய பிறகு, இந்தச் சொல் நம் டீக்கடை வரை வந்துவிட்டது. அது அரங்குக்குள் நடந்த கச்சேரி. மலையில், திறந்த வெளியில் கேட்பது வேறு.

முதலில் குளிர். மலை என்றால் நமக்கு ஏலகிரி. உயரம் சுமார் 1,100 மீட்டர். கொலராடோவில் இருக்கும் ஆஸ்பென் ஊரோ 2,400 மீட்டர். 1949-லிருந்து அங்கே கோடை இசைவிழா நடக்கிறது. கச்சேரி நடக்கும் கூடாரத்துக்கு வெளியே உள்ள புல்வெளியில் டிக்கெட் இல்லாமலே உட்கார்ந்து கேட்கலாம். ஜூலைப் பகலில் 25 டிகிரி இருக்கும். வேலூர் வெயிலைப் பார்த்தவர்கள் 'இது போதுமே' என்று மெல்லிய சட்டையோடு கிளம்புவார்கள். அங்கே காற்று மெலிந்தும் வறண்டும் இருப்பதால் சூட்டைப் பிடித்து வைக்காது. சூரியன் மலைக்குப் பின்னால் போனதும் குளிர் இறங்கத் தொடங்கி, இரவில் 10 டிகிரிக்கும் கீழே போய்விடும். தடிமனான ஒரே கோட்டு போடுவதைவிட மூன்று அடுக்காக உடுத்துவது நல்லது: உள்ளே உடம்போடு ஒட்டிய பனியன், அதன்மேல் கம்பளி ஸ்வெட்டர், வெளியே காற்றுப் புகாத ஜாக்கெட். புடவை கட்டுபவர்கள் உள்ளே கம்பளிக் கால்சட்டையும் காலுறையும் போட்டுக்கொள்ள வேண்டும். குரங்குக் குல்லாவுக்கு வெட்கப்பட வேண்டாம்.

பாரதக் கூத்துக்கு விடிய விடிய பாய் விரித்து உட்கார்ந்தவர்களுக்குத் தரை புதிதல்ல. ஆனால் அந்தப் புல்லில் பனி இறங்கும். ஜமக்காளத்தை மட்டும் விரித்தால் ஒரு மணி நேரத்தில் ஈரம் மேலேறிவிடும். அடியில் பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் பாய், அதற்கும் மேல் போர்வை. முட்டிவலிக்காரர்களுக்கு மடக்கு நாற்காலி உண்டு. சில இடங்களில் உயரம் குறைந்ததைத்தான் அனுமதிப்பார்கள், முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிடக் கால் பங்கு குறைவு. முதல் நாள் தலைவலி, மூச்சு வாங்கல் வரலாம். கச்சேரிக்கு ஓரிரு நாள் முன்னதாகவே போய்ச் சேர்ந்து, நிறையத் தண்ணீர் குடியுங்கள். இதய நோய், ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் கிளம்பும் முன்பே மருத்துவரைக் கேட்டுவிட வேண்டும். தண்ணீர் அங்கே ஏறக்குறைய 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் பருப்பு லேசில் வேகாது. கையில் கொண்டுபோக மிளகாய்ப்பொடி, நல்லெண்ணெய் தடவிய இட்லிதான் சரி. சத்தம் இல்லை, கரண்டி வேண்டாம். சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிக்கும் ஓசை பத்துப் பேர் தள்ளிக் கேட்கும்.

இப்போது காதுக்கு வருவோம். நாதசுரமும் தவிலும் வெட்டவெளிக்கே பிறந்தவை. வயலின் அப்படியல்ல, சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் ஒலி சேர்ந்தால்தான் அது நிறைவாகக் கேட்கும். அதனால் புல்வெளியில் பெரும்பாலும் ஒலிபெருக்கி வழியாகத்தான் கேட்கிறோம். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி இருந்தால், முரசில் குச்சி விழுவதைப் பார்த்து ஏறக்குறைய 0.3 நொடி கழித்துத்தான் சத்தம் வரும். ஒலிபெருக்கி கட்டிய கம்பத்துக்கு அடியில் உட்கார்ந்தால் ஒரே பெட்டியின் இரைச்சல். இரண்டு கம்பங்களுக்கும் நடுவில், பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி, மேடைக்கு நேராக இடம் பிடியுங்கள்.

பனி இறங்கினால் பறைத்தோல் தொய்யும், தீ மூட்டிக் காய்ச்சுவார்கள் அல்லவா? அங்கேயும் அந்தத் தொல்லை உண்டு. குளிரில் உலோகத் தந்தி சுருங்கி இறுகுவதால் சுருதி ஏறப் பார்க்கும். ஊதுகுழல்களுக்குள் காற்று குளிர்வதால் அவற்றின் சுருதி இறங்கும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுக்கும். தொடக்கத்தில் ஓபோ என்ற குழல் ஒரு சுரம் கொடுக்க எல்லாரும் சுருதி சேர்ப்பார்கள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் சேர்த்தால், கோளாறு என்று நினைக்காதீர்கள். உள்ளே சூடான மூச்சு, வெளியே குளிர் என்றால் மரக்குழல் வெடித்துவிடலாம்; அந்தப் பயத்தில் பிளாஸ்டிக் குழலை எடுத்துவருபவர்களும் உண்டு. இசைத்தாள் பறக்காமல் இருக்கத் துணி உலர்த்தும் கிளிப் மாட்டியிருப்பார்கள்.

சிம்பொனி பெரும்பாலும் நான்கு பகுதி. ஒவ்வொன்றும் முடியும்போது சிறு மௌனம் வரும், அங்கே கைதட்டுவதில்லை. இசைக்குழுவைக் கையசைத்து நடத்துபவர் கையை முழுக்கக் கீழே இறக்கிய பிறகு தட்டலாம். 1808-இல் அரங்கேறிய பீத்தோவனின் ஆறாவது சிம்பொனிக்கு ஐந்து பகுதி. நான்காவது, இடியும் மழையும். முரசு அந்த ஒரு பகுதியில் மட்டும்தான் முழங்கும். முடிந்ததும் நிற்காமல் ஐந்தாவதுக்குள் போய்விடும். மலையில் கேட்க இதைவிடப் பொருத்தமானது குறைவு. மெதுவான, மிக மெல்லிய பகுதிகள் காற்றிலும் பூச்சிச் சத்தத்திலும் கரைந்துவிடும் என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நிஜ இடி வந்தால்? மாசசூசெட்ஸ் மாநிலத்தின் டாங்கிள்வுட்டில் நடந்த இசைவிழாவில், 1937 ஆகஸ்டில் பாஸ்டன் சிம்பொனி இசைக்குழு வாசித்துக்கொண்டிருந்தபோது புயல்மழை கொட்டி, கச்சேரியே தடைபட்டது. அடுத்த ஆண்டே பக்கச் சுவர் இல்லாத பெரிய கொட்டகை எழுந்துவிட்டது. புல்வெளிக்காரர்களுக்கு அந்தக் கூரை இல்லை. கொலராடோவில் ஜூலை, ஆகஸ்ட் பிற்பகல்களில் இடிமழை சகஜம். குடை பின்னால் இருப்பவர்களை மறைக்கும், மழைக்கோட்டுதான் சரி. இடி கேட்டதும் மரத்தடிக்கோ துணிக்கூடாரத்துக்கோ ஓடாதீர்கள். கட்டடத்துக்குள் அல்லது கண்ணாடி ஏற்றிய காருக்குள் இருங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்து வெளியே வரலாம். புல்வெளிக்கும் டிக்கெட் விற்கும் இடங்களில், மழை பெய்தால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை வாங்கும்போதே படித்துவிடுங்கள். பல இடங்களில் கிடைக்காது.

வணக்கம்.