எம்பெக்கத் தூண்களும் எங்கள் ஆசாரியும்

நேயர்களுக்கு வணக்கம். கண்டியிலிருந்து தவுலகல பக்கம் பஸ் ஏறுகிறவர்கள் எம்பெக்க தேவாலயத்தை அறிவீர்கள். கம்பளையிலிருந்து ஆண்ட மூன்றாம் விக்கிரமபாகு காலத்தில், 14ஆம் நூற்றாண்டில், கதிர்காமத்துத் தெய்வத்துக்கு, அதாவது நம்முடைய முருகனுக்கு எழுந்த கோயில். அங்கே மேளம் கொட்டுகிற மண்டபத்தின் மரத்தூண்களைப் பற்றித்தான் பேச வந்தேன். தெல்மட முலாச்சாரி என்று தலைமை ஆசாரியின் பேரை இன்றும் சொல்கிறார்கள். மரவேலைக்காரர் ஒருவரின் பேர் இத்தனை காலம் நிற்பது லேசான காரியமா?

தூணில் சதுரமான கட்டங்கள். அவற்றில் மல்லுக்கட்டுகிற இருவர், கழுத்தைப் பின்னிக்கொண்ட அன்னங்கள், இரட்டைத்தலைப் பறவை, பிள்ளைக்குப் பால் கொடுக்கிற தாய். எல்லாரும் அன்னத்தைப் பார்ப்பார்கள். நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், எங்கள் தோட்டத்து ஆசாரியைக் கூட்டிப் போகும் வரை. கோயில் வாகனங்கள் செதுக்கின கை அவருடையது. மனுசன் அன்னத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அந்தத் தாயின் முன்னால் குந்திவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "வாத்தியாரய்யா, உருவத்தப் பாக்காதீங்க, சுத்தியுள்ள பள்ளத்தப் பாருங்க" என்றார். பார்த்தேன். உருவத்தைச் சுற்றி எடுத்த தரை, மூலைமுடுக்கு வரை ஒரே மட்டம். முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவில் உளிமுனை மட்டுமே நுழையக்கூடிய சந்து, அதற்குள்ளும் அதே மட்டம்.

அதை மறுபடியும் சொல்கிறேன், ஏனென்றால் வேலையின் உயிர் அங்கேதான். கல்லைப் போல அல்ல, மரத்துக்கு நரம்பு உண்டு. நரம்போடு உளி போனால் வழுக்கும். எதிராகப் போனால் செதில் பிய்த்துக்கொண்டு வரும். வளைவான கையொன்றைச் செதுக்க, பாதியில் உளியைத் திருப்பி மறுபக்கமிருந்து வரவேண்டும். கொட்டாப்புளி அடி ஒன்று கூடினால் கை போச்சு. வெட்டிய மரத்தை ஒட்டவைக்க முடியாதே! நாம் காண்பது மீதி வைத்ததை. ஆசாரியின் வேலையோ, எடுத்துப் போட்ட சிராயில் இருக்கிறது.

இப்படிப்பட்டவர்கள் எப்படிப் பிழைத்தார்கள்? தகப்பன் வழியில் நம்மவரான ஆனந்த குமாரசுவாமி 1908இல் கண்டிக் கைவினைஞர்களைப் பற்றிப் பெரிய நூலொன்றை வெளியிட்டார். காணியை அனுபவித்துக்கொண்டு அதற்கு ஈடாக அரசனுக்கோ கோயிலுக்கோ வேலை செய்து கொடுத்த வாழ்க்கையை அதில் எழுதியிருக்கிறார். வயலும் பட்டறையும் ஒரே குடும்பத்தில். அவசரம் இல்லாத கைக்குத்தான் அந்தப் பள்ளம் மட்டமாக வரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். நாள்கூலிக்கு வேலை செய்த எங்கள் ஆசாரிக்கு அந்த நிம்மதி வாய்க்கவில்லை. அந்தக் குறை எனக்கு இன்னும் ஆறவில்லை.

தம்பி கையைக் காட்டுகிறார், நேரமாகிவிட்டது. கூரையை விட்டுவிட்டேனே! 26 கைமரங்கள் ஒரே பெரிய மர ஆணியில் வந்து சேர்கின்றன. வாயால் சொல்லி முடியாது, நேரில் பாருங்கள். காலையிலேயே போங்கள். பக்கம் திறந்த மண்டபம், சாய்வெயிலில்தான் செதுக்கு எழும்பித் தெரியும். வணக்கம்.