சுவர் இருந்தால்தான் சித்திரம்

விழாத் தலைவராகிய பேரூராட்சித் தலைவர் அவர்களே, வேறொரு கூட்டத்தை ஒத்திவைத்து வந்திருக்கும் மாவட்டக் கல்வி அலுவலர் அவர்களே, நாற்காலி முதல் ஒலிபெருக்கி வரை ஏற்பாடு செய்து, எனக்குச் சால்வையும் போர்த்திய வணிகர் சங்கச் செயலாளர் அவர்களே, முன்வரிசையில் நெளியத் தொடங்கிவிட்ட மாணவச் செல்வங்களே, வணக்கம்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பார்கள். நம் உடலுக்குச் சுவர், மரபுச் செய்தியைத் தாங்கும் மூலக்கூறான டி.என்.ஏ. ஒவ்வொரு செல்லிலும் அது தினமும் ஆயிரக்கணக்கான இடங்களில் பழுதாகிறது. செல் எப்படிச் சமாளிக்கிறது? பழுதைக் கண்டு நிற்பது, பழுதை நீக்குவது, டி.என்.ஏ. சுருண்டிருக்கும் குரோமோசோம்களின் நுனிகளைக் காப்பது என மூன்று செய்திகள் சொல்லப்போகிறேன்.

அதற்கு முன் ஒரு கதை. 1944ஆம் ஆண்டு. அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வுக்கூடம். ஈவ்லின் விட்கின் என்றொரு இளம் ஆய்வு மாணவி. கல்லூரி நாளிலேயே கறுப்பின விளையாட்டு வீரரை ஒதுக்கியதை எதிர்த்துப் போராடி, நியூயார்க் பல்கலைக்கழகத்தில் இடைநீக்கம் செய்யப்பட்டவர். கைதட்டலாம், தவறில்லை! அவர் பாக்டீரியாவின் மீது புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினார். அளவு மிஞ்சிவிட்டது. ஏறக்குறைய எல்லாம் செத்துப்போயின. பிழைத்தவை நான்கே காலனிகள், அதாவது நான்கே பாக்டீரியாத் திட்டுகள். வேறொருவராக இருந்தால் தட்டைக் கழுவி வைத்திருப்பார். இவரோ, "இந்த நான்கும் ஏன் சாகவில்லை?" என்று பிடித்துக்கொண்டார். அவை கதிர்வீச்சைத் தாங்கும் வகை! அந்தப் பிடிவாதம் பின்னாளில், பழுது கண்டதும் பாக்டீரியா பல மரபணுக்களை ஒருசேர முடுக்கிவிடும் 'எஸ்.ஓ.எஸ்.' ஏற்பாட்டில் கொண்டுபோய் நிறுத்தியது. 2015இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற மருத்துவ ஆய்வு விருதான லாஸ்கர் விருது வந்தபோது அம்மையாருக்கு வயது 94.

நம் செல்லில் டி.என்.ஏ. அறுந்தால், ஏ.டி.எம். என்ற புரதம் உணர்ந்து சொல்கிறது. பி53 புரதம் செல் பிரிவதை நிறுத்துகிறது. பழுது நீங்கினால் வேலை தொடரும். நீங்காவிட்டால் செல் தன்னையே மாய்த்துக்கொள்ளும். பழுது நீக்கும் வழிகளைக் கண்டதற்காகவே லிண்டால், மோட்ரிச், சான்ஜார் ஆகிய அறிவியலாளர் மூவருக்கும் 2015இல் வேதியியல் நோபல்.

இந்தக் காவலையே கெடுக்கிறது புகையிலை! புகையிலுள்ள பென்சோபைரீன் என்ற நச்சுப்பொருள் உடலுக்குள் உருமாறி டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொள்கிறது, பி53 புரதத்தை உருவாக்கும் மரபணுவையும் விடுவதில்லை. சுவர் இருந்தால்தானே ஐயா சித்திரம்?

செயலாளர் அவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. கல்விக்கூடத்திலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்கிறது 2003ஆம் ஆண்டுச் சட்டம். இந்தப் பள்ளி வாசலில் நின்றால் எத்தனை பெட்டிக்கடைகள் கண்ணில் படுகின்றன? கஜக்கோல் கொண்டுவரட்டுமா?

தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். குரோமோசோம் நுனி, அடுத்த ஆண்டு அழைத்தால். பள்ளியருகே புகையிலை விற்பதை நிறுத்தக் கோரும் மனு வாயிலருகே மேசையில் இருக்கிறது. முதல் கையெழுத்துக்கான இடத்தைச் செயலாளருக்காகவே காலியாக விட்டிருக்கிறேன்.