எத்தனை வருஷம் ஆபரேட்டராகவே இருப்பீர்கள்?

[காட்சி: ஒர்க்‌ஷாப் கேட்டில் கம்பியால் கட்டிய அட்டை]

கோயம்புத்தூரில் கணபதி பக்கமோ குறிச்சி சிட்கோ பக்கமோ ஒரு சுற்று போய் வாருங்கள். ‘ஆட்கள் தேவை: சிஎன்சி ஆபரேட்டர், டர்னர், ஃபிட்டர்’ என்று கேட்டுக்குக் கேட்டு அட்டை தொங்கும். மழையில் நனைந்து எழுத்து அழிந்தாலும் கழற்ற மாட்டார்கள், எப்படியும் அடுத்த மாசம் மறுபடி மாட்ட வேண்டியிருக்கும். உள்ளே முதலாளியைக் கேட்டால், "பசங்க ஆறு மாசம்கூட நிக்கிறதில்லைங்க" என்பார். எதிர் டீக்கடையில் அந்தப் பசங்களைக் கேட்டால், "இங்கயே கிடந்து என்னங்ணா ஆகப்போகுது, பக்கத்துல ஆயிரம் ரூபா சேத்தித் தர்றாங்க" என்பார்கள். ரெண்டு பேர் சொல்வதும் உண்மைதான். அதனால் இந்த வீடியோ ரெண்டு பேருக்கும் சேர்த்து.

கேரியர் பிளானிங் என்றதும் இன்டர்வியூவில் கேட்கிற அந்தக் கேள்விதான் பலருக்கு ஞாபகம் வரும், ‘அஞ்சு வருஷம் கழிச்சு எங்க இருப்பீங்க?’ எனக்கு அந்தக் கேள்வியே பிடிக்காது. அடுத்த மாசம் எந்த ஷிஃப்ட் என்றே தெரியாதவனிடம் கேட்கிற கேள்வியா அது? அஞ்சு வருஷத்தை விடுங்கள். இப்போது நிற்கும் இடத்துக்கு அடுத்த படி எது, அந்தப் படியில் நிற்பவருக்கு உங்களுக்குத் தெரியாத எது தெரிகிறது, அதை உங்களுக்கு யார் எப்போது சொல்லித் தரப்போகிறார்கள். இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் உங்களிடம் திட்டம் இருக்கிறது.

[காட்சி: சிஎன்சி லேத், கதவு திறந்து ஜாப் மாட்டும் கை]

சிஎன்சி லேத்தையே எடுத்துக்கொள்வோம், கம்ப்யூட்டர் சொல்படி உலோகத்தைக் கடையும் மிஷின், நான் எட்டு வருஷம் நின்ற இடம். ஆபரேட்டர் ஜாப்பை, அதாவது கடைய வேண்டிய பீஸை மாட்டுவார், சைக்கிள் ஸ்டார்ட் அழுத்துவார், வெளியே வந்ததை மைக்ரோமீட்டரில் அளப்பார். டூல் தேயத் தேய அளவு நகரும், அதற்கு வேர் ஆஃப்செட்டில், அதாவது தேய்மானத்துக்காக மிஷினில் பதியும் அளவில் திருத்தம் போடுவார். செட்டர் என்பவர் ஒரு ஜாப் முடிந்து அடுத்தது ஏறும்போது அதைப் பிடிக்கும் ஜாவை மாற்றி, டூலை மாட்டி, ஆஃப்செட் எடுத்து, முதல் பீஸை ஓகே வாங்கித் தருபவர். அதற்கும் மேலே, டிராயிங்கைப் பார்த்து மிஷினுக்கான கட்டளைகளை, ஜி-கோடை எழுதும் புரோகிராமர். பட்டனை அழுத்துவதற்கும் முதல் பீஸை ஓகே வாங்குவதற்கும் நடுவில் இருப்பது டிராயிங் படிக்கத் தெரிவது, அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்ற அந்த பிளஸ் மைனஸ் டாலரன்ஸ் எதற்காக இருக்கிறது என்று புரிவது, டூலின் வெட்டும் முனையான இன்ஸர்ட் ஏன் உடைந்தது என்று யோசிப்பது. அதை எந்தச் சான்றிதழும் உங்கள் கையில் கொண்டுவந்து தராது. செட்டர் பக்கத்தில் நின்றுதான் வரும். ஆனால் செட்டிங் நடக்கும் நேரத்தில்தான் முக்கால்வாசி ஆபரேட்டர்கள் டீ குடிக்கப் போகிறார்கள்! நானும் மூன்று வருஷம் அப்படித்தான் போனேன்.

படிப்பு வழியும் இருக்கிறது, அதைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். ரெண்டு வருஷ ஐடிஐ முடித்தவர் டிப்ளமோவில் நேராக ரெண்டாம் வருஷத்தில் சேரலாம். டிப்ளமோ முடித்தவருக்கு பி.இ.யிலும் அதே மாதிரி. வேலையை விடாமல் படிக்க, டிப்ளமோகாரர்களுக்கு மாலை நேர பி.இ. கோவையிலேயே இருக்கிறது.

அப்புறம் பிஎஃப். கம்பெனி மாறும்போதெல்லாம் அதை எடுத்துச் செலவு செய்துவிடுவது நம் ஊர் வழக்கம், வண்டிக்கு முன்பணம் கட்டியாவது தீர்த்துவிடுவோம். 2014-லிருந்து யுஏஎன் என்ற பிஎஃப் நம்பர் ஒருவருக்கு ஒன்றுதான், எத்தனை கம்பெனி மாறினாலும் பழைய கணக்கை அதிலேயே சேர்க்கலாம். பென்ஷன் வாங்க மொத்தம் 10 வருஷ சர்வீஸ் வேண்டும். பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுத்துவிட்டால் அதுவரை உழைத்த வருஷம் அந்தக் கணக்கில் நிற்காது. வேலை மாறுவது தப்பே இல்லை, மாறும்போது சர்வீஸையும் கூடவே கொண்டு போங்கள்.

[காட்சி: சுவரில் பெயர்ப் பட்டியல், பக்கத்தில் கால்வட்டங்கள்]

இனி முதலாளிகளுக்கு. வண்டிக் கம்பெனிகளுக்கு சப்ளை செய்யும் யூனிட்டாக இருந்தால் உங்கள் சுவரில் இந்தச் சார்ட் ஏற்கெனவே இருக்கும், ஸ்கில் மேட்ரிக்ஸ். ஒவ்வொரு ஆளின் பெயருக்கும் நேரே, ஒவ்வொரு மிஷினுக்கும் ஒரு வட்டம். கால் பங்கு கறுத்திருந்தால் கற்றுக்கொள்கிறார், அரை என்றால் ஒருவர் மேற்பார்வையில் ஓட்டுவார், முக்கால் என்றால் தனியாக ஓட்டுவார், முழு வட்டம் என்றால் இன்னொருவருக்குச் சொல்லித் தருவார். எவ்வளவு அழகான ஏற்பாடு! நான் இருந்த ஒரு இடத்தில் ஆடிட்டுக்கு முந்தின நாள் ராத்திரி யாரோ மார்க்கரை எடுத்து என் வட்டத்தை முழுசாகக் கறுப்படித்துவிட்டார்கள். அன்றுவரை நான் ஒருத்தருக்கும் எதையும் சொல்லித் தந்ததில்லை.

அந்தச் சார்ட்டை ஆடிட்டருக்காக இல்லாமல் ஆட்களுக்காக வைத்துப் பாருங்கள். முக்கால் வட்டம் ஆனால் சம்பளம் இவ்வளவு ஏறும், முழு வட்டம் ஆனால் செட்டர் பெயரோடு இவ்வளவு என்று பக்கத்திலேயே எழுதி ஒட்டுங்கள். "கத்துக்குடுத்தா அடுத்த கம்பெனிக்குப் போயிடுவான்" என்ற பயம் எனக்கும் புரிகிறது, சிலர் போகத்தான் செய்வார்கள். ஆனால் இருக்கிற ஒரே செட்டர் மகள் காதுகுத்துக்கு நாலு நாள் லீவு போட்டால் உங்கள் ஷாப்பில் எத்தனை மிஷின் நிற்கிறது என்று ஒரு தடவை எண்ணிவிட்டு, அந்த ஆயிரம் ரூபாயைப் பற்றிப் பேசுங்கள்.

30 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் இடத்தில், 1961-ஆம் வருஷ அப்ரென்டிஸ் சட்டப்படி ஆள் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரென்டிஸ் எடுத்தே ஆகவேண்டும், கான்ட்ராக்ட் ஆட்களும் அந்தக் கணக்கில் வருவார்கள். எடுத்த பையனைப் பெருக்கவும் பார்ட்டி வந்தால் டீ வாங்கவும் அனுப்புகிறீர்களா, இல்லை கால் வட்டத்தில் அவன் பெயரை எழுதுகிறீர்களா என்பதுதான் விஷயம்.

கடைசியாக, கேட்பது எப்படி. இன்கிரிமென்ட் சமயத்தில் "சார், பார்த்துப் போட்டுக் குடுங்க" என்று கேட்டால் பார்த்துத்தான் போடுவார்கள். நான் ஒரு வருஷம் மாற்றிக் கேட்டேன். "சார், மூணாம் நம்பர் மிஷின் செட்டிங் நான் தனியா எடுக்கணும்னா இன்னும் என்ன தெரியணும்?" முதலாளி கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "சனிக்கிழமை ஜாப் மாறுது. டீக்குப் போகாம செட்டர்கூட நில்லு."