ஒரே தொழிற்சாலை, ஒரே ஆண்டு, ஒரே மாடல்: அங்கே 13 சோதனை, இங்கே ஒன்றுதான்!

[திரையில்: இரண்டு ஹூண்டாய் ஐ10 கார்கள் அருகருகே]

2008ஆம் ஆண்டு, ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்திலுள்ள ஹூண்டாய் தொழிற்சாலையிலிருந்து இரண்டு ஐ10 கார்கள் வெளியே வந்தன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று கப்பலேறி இங்கிலாந்துக்குப் போயிற்று. மற்றொன்று லாரியேறி நாகர்கோவிலுக்கு வந்து, டி.என். 74 என்று தொடங்கும் எண்ணில் பதிவாயிற்று. இங்கிலாந்துக்குப் போன கார் 2011இல் முதல் தகுதிச் சோதனைக்குப் போய், அதன் பிறகு ஆண்டு தவறாமல் போயிருந்தால், 2023 முடிவதற்குள் 13 முறை பரீட்சை எழுதியிருக்கும். நாகர்கோவில் கார் தன் முதல் பரீட்சையை 2023இல்தான் எழுதியிருக்கும். இந்த இரண்டில் எதை நம்பி வாங்கலாம் என்பதுதான் இந்த வீடியோவின் கேள்வி. விடை நீங்கள் நினைப்பதுபோல் இருக்காது. ஆகவே இறுதிவரை பாருங்கள்.

வணக்கம். பழைய கார் வாங்கும் எண்ணத்தில் மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் என்று அலைந்துகொண்டிருக்கும் எல்லாருக்கும் இந்த வீடியோ பயன்படும்.

சட்டப் பின்னணியை விரைந்து முடித்துவிடுகிறேன், ஏனெனில் அதில் சுவாரசியம் குறைவு. நம் நாட்டில் சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். அதன் பிறகு வண்டியை ஆய்வுக்குக் காட்டி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். மஞ்சள் போர்டு மாட்டிய வாடகை வண்டிகளுக்கு எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கொரு முறையும், அதற்குப் பின் ஆண்டுதோறும் எப்.சி. என்னும் தகுதிச் சான்று ஆய்வு உண்டு. இங்கிலாந்தில் 'எம்.ஓ.டி.' என்று அழைக்கப்படும் சோதனை 1960இல், பத்து வயதான வண்டிகளுக்கு பிரேக், விளக்கு, ஸ்டீயரிங் ஆகியவற்றை மட்டும் பார்ப்பதாகத் தொடங்கியது. தோல்வியடைந்த வண்டிகள் மிகுதியாக இருந்ததால் வயது வரம்பு படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 1967 முதல் மூன்று வயதான கார்களுக்கே சோதனை கட்டாயமானது. பின்னணி இவ்வளவுதான்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகிய பகுதிகளில் ஓடும் எந்தக் காரின் எண்ணையும் அரசின் இணையப் பக்கத்தில் தட்டினால், 2005ஆம் ஆண்டு வரை பின்னோக்கிச் சென்று, ஒவ்வொரு சோதனையிலும் அந்தக் கார் தேறியதா, தோற்றதா, எதனால் தோற்றது, அன்று மீட்டரில் எத்தனை மைல் காட்டியது என்பதையெல்லாம் காசில்லாமல் பார்க்கலாம். வண்டியின் உரிமையாளராக இருக்க வேண்டியதில்லை. தெருவில் நிற்கும் காரின் நம்பர் பிளேட்டைப் பார்த்துத் தட்டினாலே போதும். சென்ற ஆண்டு 70,000 மைல் காட்டிய மீட்டர் இந்த ஆண்டு 50,000 காட்டினால், மீட்டரைத் திருப்பியவர் எப்படிப்பட்ட கெட்டிக்காரராக இருந்தாலும் அகப்பட்டுக்கொள்வார். நம் ஊர்ப் புரோக்கர்கள் சிலருக்கு இதைக் கேட்டாலே உறக்கம் போய்விடும்.

அதைவிட அருமையானது, தேறிய வண்டிக்கும் எழுதிக் கொடுக்கப்படும் அறிவுரைக் குறிப்பு. 'பின் பிரேக் குழாயில் இலேசான துரு', 'முன் டயர் தேயும் நிலையில் உள்ளது', 'சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் வெடித்துள்ளது' என்று சோதனையாளர் எழுதிவைப்பார். இவ்வாண்டு இலேசான துரு என்று எழுதப்பட்ட இடம் அடுத்த ஆண்டு தோல்விக்குக் காரணமாக வந்து நிற்பதை வரிசையாகப் படிக்கலாம். அந்த ஏட்டைப் புரட்டினால் உரிமையாளரின் குணமே தெரிந்துவிடும்: சிலர் குறிப்பு வந்த உடனே சரிசெய்திருப்பார்கள், சிலர் ஒரே குறிப்பை மூன்று ஆண்டு வாங்கிக்கொண்டு, நான்காம் ஆண்டு தோற்ற பிறகே பட்டறைக்குப் போயிருப்பார்கள்.

இவ்வளவு விவரமும் தனிப்பட்டவர்களின் அடையாளம் நீக்கப்பட்டு மொத்தமாகவும் வெளியிடப்படுவதால், எந்த மாடல் எந்த வயதில் எத்தனை விழுக்காடு தேறுகிறது என்று யார் வேண்டுமானாலும் கணக்குப் போடலாம். காரின் நிறம்கூட அதில் இருக்கிறது. ஆகவே சிவப்புக் கார் அதிகம் தேறுகிறதா, வெள்ளைக் கார் அதிகம் தேறுகிறதா என்றுகூடப் பட்டிமன்றம் நடத்தலாம். எல்லாக் கார்களையும் சேர்த்துப் பார்த்தால், அண்மை ஆண்டுகளில் ஏறக்குறைய பத்தில் மூன்று கார்கள் முதல் சோதனையில் தேறுவதில்லை. விளக்குகள், சஸ்பென்ஷன், பிரேக், டயர் ஆகியவையே பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம். நம் ஐ10 மட்டுமல்ல, ஒரகடத்தில் தயாரான நிசான் மைக்ராவும், இங்கே ஏ-ஸ்டார் என்ற பெயரில் விற்று அங்கே ஆல்ட்டோ என்ற பெயரில் ஓடிய, ஹரியானாவின் மானேசரில் தயாரான மாருதி சுசூகி காரும் இந்தப் பட்டியலில் இருக்கின்றன. நம் மண்ணில் செய்த காரின் மதிப்பெண் பட்டியலைப் பார்க்க அயல்நாட்டு அரசின் பக்கத்துக்குப் போக வேண்டியிருப்பது வேடிக்கைதான்.

சரி, அப்படியானால் ஐ10-இன் தேர்ச்சி விழுக்காடு எவ்வளவு? அந்த ஒற்றை எண்ணை நான் இங்கே சொல்லப் போவதில்லை. காரணம் இருக்கிறது.

[திரையில்: கணக்குப் பலகை]

கணக்குக்காக இரண்டு மாடல்களைக் கற்பனை செய்துகொள்ளுங்கள், எண்களும் கற்பனையே. முதல் மாடலில் நூறு கார்கள் சோதனைக்கு வருகின்றன: 80 கார்களுக்கு மூன்று வயது, 20 கார்களுக்குப் பன்னிரண்டு வயது. இளையவற்றில் 85 விழுக்காடும், மூத்தவற்றில் 50 விழுக்காடும் தேறினால், 68-உம் 10-உம் சேர்ந்து 78 கார்கள் தேறுகின்றன. இரண்டாம் மாடலிலும் நூறு கார்கள்தான், ஆனால் 20 இளையவை, 80 மூத்தவை. இளையவற்றில் 90 விழுக்காடும் மூத்தவற்றில் 60 விழுக்காடும் தேறினால், 18-உம் 48-உம் சேர்ந்து 66 கார்கள் தேறுகின்றன. மூன்று வயதிலும் இரண்டாம் மாடல்தான் உயர்வு, பன்னிரண்டு வயதிலும் இரண்டாம் மாடல்தான் உயர்வு. ஆனாலும் மொத்த எண்ணை மட்டும் பார்ப்பவர் முதல் மாடலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார். பழைய கார்கள் நிறைய ஓடிக்கொண்டிருப்பதே அந்த மாடலின் உழைப்புக்குச் சான்றாக இருக்க, அதுவே மதிப்பெண்ணைக் குறைக்கிறது என்றால் என்ன சொல்வது?

இன்னொரு குழி இருக்கிறது. சோதனை நடக்கும்போது பல்பு எரியவில்லை என்று தெரிந்து, ஒரு மணி நேரத்துக்குள் அங்கேயே மாற்றிவிட்டால், 'திருத்திய பின் தேர்ச்சி' என்று தனியாகப் பதிவாகும். இதைத் தேர்ச்சியில் சேர்ப்பவருக்கு ஒரு விழுக்காடு வரும், தோல்வியில் சேர்ப்பவருக்கு வேறொரு விழுக்காடு வரும். இருவர் சொல்வதும் பொய் அல்ல. ஆகவே யாராவது 'இந்த மாடல் இத்தனை விழுக்காடு தேறுகிறது' என்றால், எந்த வயதில், எத்தனை மைல் ஓடிய பிறகு, முதல் சோதனையிலா அல்லது திருத்திய பின்னா என்று மூன்று கேள்விகளைக் கேளுங்கள். விடை வரவில்லை என்றால் அந்த எண்ணை அங்கேயே விட்டுவிடலாம். என் கருத்தில், ஒரு மாடல் எத்தனை முறை தோற்கிறது என்பதைவிட எதனால் தோற்கிறது என்பதுதான் வாங்குபவருக்குக் காசு மிச்சமாகும் செய்தி. பல்பினால் தோற்ற காரும், கதவுக்குக் கீழே ஓடும் 'சில்' தகடு உளுத்துத் தோற்ற காரும் அந்த விழுக்காட்டில் ஒரே ஒரு தோல்விதான். முதலாவதைச் சில நூறு ரூபாயில் முடிக்கலாம். இரண்டாவதுக்கு வெட்டி ஒட்ட வேண்டும்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது: அந்தச் சோதனையில் இன்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ் ஆகியவற்றின் நிலை பார்க்கப்படுவதே இல்லை. நிறையத் தேறிய கார் என்றால் பாதுகாப்பாக ஓடும் கார் என்று பொருள். செலவு வைக்காத கார் என்று பொருள் கொள்ள முடியாது.

இனி நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வருவோம். இங்கிலாந்தில் குளிர்காலத்தில் சாலையில் உறைபனி பிடிக்காமல் இருக்க உப்புத் தூவுகிறார்கள். அந்த உப்பு நீர் தெறித்துக் காரின் அடிப்பகுதியைத் தின்கிறது. நமக்கு உப்பை யாரும் தூவ வேண்டியதில்லை. குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி, தேங்காய்ப்பட்டணம் பகுதிகளில் கடற்காற்றே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. போதாததற்கு, தென்மேற்குப் பருவமழையையும் வடகிழக்குப் பருவமழையையும் ஒருசேர வாங்கும் மாவட்டம் இது. காரின் அடிப்பகுதி காய்வதற்கு இங்கே அவகாசம் குறைவு. குலசேகரம், திருவட்டாறு பக்கம் ரப்பர் தோட்டத்து வழியில் ஓடும் கார்களில், சக்கர வளைவின் உள்மடிப்பில் செம்மண் அப்பிக்கொண்டு, ஈரத்தை நாள்கணக்கில் பிடித்துவைத்திருக்கும். அதனால் ஐ10 ஆகட்டும், ஆல்ட்டோ ஆகட்டும், மாடலைக் கேட்பதற்கு முன் அந்தக் கார் இரவில் எந்த ஊரில் நின்றது என்று கேட்பது புத்திசாலித்தனம். கடற்கரையில் ஏழு ஆண்டு நின்ற நல்ல மாடலைவிட, ஆரல்வாய்மொழிப் பக்கம் கூரைக்கடியில் நின்ற சுமாரான மாடலையே நான் எடுப்பேன்.

துருவை எப்படிப் பார்ப்பது? இங்கிலாந்தில் சோதனையாளர் சஸ்பென்ஷன், பிரேக், சீட் பெல்ட் ஆகியவை காரின் உடற்கூட்டில் பொருந்தும் இடத்தைச் சுற்றி 30 சென்டிமீட்டருக்குள் தகடு வலுவிழந்திருக்கிறதா என்று கவனிப்பார். கை விரலால் அழுத்துவார், அதற்கான கருவியால் இலேசாகத் தட்டுவார். அதையே நாமும் செய்யலாம். வண்டியைப் பட்டறை ரேம்ப்பில் ஏற்றச் சொல்லி, கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதியையும், ஜாக்கி வைக்கும் இடத்தையும், பின் ஸ்பிரிங் உட்காரும் கிண்ணத்தையும் ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் மெல்லத் தட்டுங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். உளுத்த தகடு மந்தமாக ஒலித்து, பழுப்புச் செதில்களைத் தரையில் உதிர்க்கும். அடிப்பகுதி முழுவதும் நேற்றுத்தான் அடித்ததுபோல் கறுப்புப் பூச்சுப் பளபளத்தால், விற்பவர் உங்கள் மேல் அக்கறைப்பட்டு அடித்தார் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று ஓர் இடத்திலாவது சுரண்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை அடியில் ஓடும் பிரேக் குழாயைத் துணியால் துடைத்துவிட்டு, விரலை ஓட்டிப் பாருங்கள். சொரசொரவென்று புள்ளி புள்ளியாகத் தட்டுப்பட்டால் மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

மஞ்சள் போர்டிலிருந்து வெள்ளை போர்டுக்கு மாற்றிய கார் வந்தால் பலர் முகத்தைச் சுளிப்பார்கள். நான் சுளிக்க மாட்டேன். அது நிறைய ஓடியிருக்கும், உண்மைதான். ஆனால் நம் மாவட்டத்தில் எப்.சி. என்ற பரீட்சையைத் திரும்பத் திரும்ப எழுதிய கார் அதுதான். எப்.சி. காட்டும் அன்று மட்டும் நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு போகும் கலை தெரிந்தவர்களும் இருக்கிறார்கள் என்பதால், ஆய்வில் தேறிய தேதியோடு டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட வாரம், ஆண்டு எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

மத்திய அரசின் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைத் தட்டினால் தகுதி எதுவரை, காப்பீடு எதுவரை, புகைச் சான்று எதுவரை என்பவை தெரியும். ஆனால் பிரேக் இன்ஸ்பெக்டர் எதற்காக வண்டியைத் திருப்பி அனுப்பினார் என்பது அதில் வராது. அந்த ஒரு வரி வந்துவிட்டால் பழைய கார் வாங்குவோரின் பாதிக் கவலை தீர்ந்துவிடும் என்பது என் உறுதியான எண்ணம். கணினியில் ஏற்கெனவே பதிவாகும் ஆய்வில் ஒரு கட்டத்தைச் சேர்த்து மக்களுக்குக் காட்டுவது மலையைப் புரட்டும் வேலை ஒன்றுமில்லை.

15 ஆண்டை நெருங்கும் காரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று பாய்ந்துவிடாமல், ஆர்.சி. புக்கில் பதிவு முடியும் தேதியைப் பாருங்கள். காலாவதிக்கு 60 நாள் முன்பிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். 2022 ஏப்ரல் முதல் அதற்கான கட்டணமே 5,000 ரூபாய் என்று உயர்ந்துவிட்டது. பசுமை வரியும், ஆய்வுக்கு முன் செய்யும் டிங்கரிங், பெயின்ட் வேலையும் தனி. ஆகவே விற்பவரையே புதுப்பித்துத் தரச் சொல்லி, அதற்கேற்ற விலையைப் பேசுங்கள். மறுத்தால், ஆய்வில் நிற்காத ஏதோ ஒன்று அந்தக் காரில் இருக்கிறதோ என்று சந்தேகப்படலாம். களியக்காவிளைக்கு அப்பாலிருந்து வரும் கே.எல். எண், அதாவது கேரளப் பதிவு வண்டியாக இருந்தால், தடையில்லாச் சான்று கைக்கு வரும் முன் முழுப் பணத்தையும் எண்ணிக் கொடுக்க வேண்டாம்.

நம்மிடம் அரசுப் பட்டியல் இல்லை என்பதால், கருத்துப் பகுதியில் ஒரு சிறிய பட்டியலை நாமே தொடங்குவோம். உங்கள் காரின் மாடல், பதிவான ஆண்டு, நிற்கும் ஊர் கடற்கரையா மலையோரமா, எப்.சி.யிலோ 15 ஆண்டுப் புதுப்பித்தலிலோ எதற்காகத் திருப்பி அனுப்பப்பட்டது ஆகிய நான்கையும் எழுதுங்கள். வண்டி எண் வேண்டாம். போதிய பதில்கள் சேர்ந்தால், வயதுவாரியாகப் பிரித்து அடுத்த வீடியோவில் காட்டுகிறேன்.