துண்டு போட்டுப் பிடித்த இடம்

(பட்டிமன்றத் தலைப்பு: திருத்தந்தை இருபத்திமூன்றாம் யோவானை இன்றும் நினைக்க வைப்பது அவர் கூட்டிய சங்கமா, அவருடைய குணமா? ‘குணமே’ அணியின் உரை)

நடுவர் ஐயா, இரண்டு அணியினர், பங்குத்தந்தை, பந்தலுக்கு வெளியே நின்றுகொண்டே கேட்கிறவர்கள், எல்லாருக்கும் வணக்கம். வணக்கம் இவ்வளவு போதும். மணி நடுவர் கையில் இருக்கிறது.

எதிரணிப் பேராசிரியை அம்மா அழகாகப் பேசினார். உலகத்து ஆயர்கள் கூடிப் பேசிய இரண்டாம் வத்திக்கான் சங்கம், 1962 முதல் 1965 வரை நான்கு அமர்வு, 16 ஏடுகள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆயர்கள். ஒரு கணக்கிலும் பிழை இல்லை. ஆனால் உட்காரப் போகிற நேரத்தில் ஒன்றைச் சொன்னார் பாருங்கள். “குணம் குணம் என்கிறார்களே, 76 வயதுக் கிழவரைக் கர்தினால்கள் எதற்குத் தேர்ந்தெடுத்தார்கள்? பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அந்தத் துண்டுதான் இவர். அடுத்த பாப்பரசரான மிலான் பேராயர் மொந்தினி வந்து உட்காரும் வரைக்கும் கிடந்த துண்டு. துண்டுக்கு என்ன குணம்?” என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். நல்ல உவமைக்குத் தட்டாவிட்டால் பாவம்.

நடுவர் ஐயா, நான் எழுதிக்கொண்டு வந்தது ஏழு பக்கம். அதை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். இனி துண்டுதான்.

அம்மா சொன்னதில் பாதி உண்மை. 1958 அக்டோபரில் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் இறந்தார். கர்தினால்கள் மொத்தமே 53 பேர். ஹங்கேரியின் மின்செந்தியும் யுகோஸ்லாவியாவின் ஸ்தெபினாத்ஸும் வர முடியவில்லை. சிஸ்டைன் சிற்றாலயத்துக்குள் போனது 51. அதில் நம் பம்பாய்க் கர்தினால் வலேரியன் கிராசியாஸும் ஒருவர். மூன்றில் இரண்டு பங்கு, அதற்கு மேல் ஒன்று என்பது அன்றைய விதி. ஆக 35 வாக்கு வேண்டும். மொந்தினி அப்போது கர்தினால்கூட இல்லை. இழுபறியாக இருந்தது. பதினோராவது வாக்கெடுப்பில்தான் வெனிஸ் கர்தினால் ரொன்காலிக்கு, அதாவது நம் யோவானுக்கு, அந்த எண்ணிக்கை வந்தது. ‘வயசானவர், கொஞ்ச நாள் இருப்பார்’ என்று நினைத்துப் போட்டவர்கள் இருக்கலாம். ஒப்புக்கொள்கிறேன்.

வெளியே இருந்தவர்கள் பாடு இன்னும் மோசம். அக்டோபர் 26, வாக்கெடுப்பின் முதல் நாள். சீட்டுகளை அடுப்பில் போட்டு எரிப்பார்கள். தேர்வு ஆகிவிட்டால் வெள்ளைப் புகை, ஆகாவிட்டால் கறுப்பு. கறுப்புக்காக ஈர வைக்கோலைச் சேர்ப்பது வழக்கம். விறகடுப்பு ஊதிய அம்மாக்கள் இங்கே இருக்கிறீர்கள், சொல்லுங்கள்: ஈர வைக்கோல் சரியாகப் பற்றாவிட்டால் என்ன வரும்? நீராவியோடு சேர்ந்து வெளுத்த புகைதானே வரும்! அதுதான் வந்தது. சதுக்கத்தில் கூட்டம் ஆர்ப்பரித்தது. வத்திக்கான் வானொலியே பாப்பரசர் கிடைத்துவிட்டார் என்று அறிவித்துவிட்டது. அப்புறம் மாடத்தில் ஒருவரும் வரவில்லை. இப்போதெல்லாம் அந்த வம்பே வேண்டாம் என்று வேதியியலுக்குப் போய்விட்டார்கள். கறுப்புக்கு பொட்டாசியம் பெர்குளோரேட், ஆந்திரசீன், கந்தகம். வெள்ளைக்கு பொட்டாசியம் குளோரேட், லாக்டோஸ், பைன் மரத்துப் பிசின். நம்மூர் சாம்பிராணிக் குடும்பம்தான்.

சரி, 28ஆம் தேதி மாலை நிஜமான வெள்ளைப் புகை வந்தது. இங்கேதான் அம்மா, உங்கள் துண்டு மாட்டிக்கொண்டது.

தேர்வானவர் ‘ஏற்கிறேன்’ என்று சொல்ல வேண்டும். என்ன பெயர் என்று கேட்பார்கள். யோவான் என்றார். ஐந்நூறு ஆண்டுக்கு மேலாக எந்தப் பாப்பரசரும் தொடாத பெயர். காரணம், பதினைந்தாம் நூற்றாண்டில் அதே ‘இருபத்திமூன்றாம் யோவான்’ என்று ஒரு போட்டிப் பாப்பரசர் இருந்தார். இவர் அதையெல்லாம் பார்க்கவில்லை. ‘என் அப்பா பெயர் அது’ என்றார். அப்பாவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருவார்.

பெயர் சொன்னதும் பக்கத்து அறை. கண்ணீர் அறை என்று அதற்குப் பெயர். பாரம் தாங்காமல் அழுதவர்கள் உண்டாம். அங்கே கம்மரெல்லி என்ற பழைய தையலகம் வெள்ளை அங்கிகளை மாட்டி வைத்திருந்தது. எத்தனை? மூன்று. சின்னது, நடுத்தரம், பெரியது. ஏன் மூன்று? உள்ளே 51 பேர், யார் ஜெயிப்பார் என்று தையல்காரருக்கு எப்படித் தெரியும்? அளவெடுக்க ஆளே இல்லாமல் தைக்கிற சட்டை உலகத்திலேயே அது ஒன்றுதான்.

ரொன்காலி உள்ளே போகிறார். குள்ளம். ஆனால் உருளை. பெரிய அங்கியை எடுக்கிறார்கள். கை நுழைகிறது. தோள் நுழைகிறது. வயிறு, ‘நான் வரவில்லை’ என்கிறது.

தையல் தெரிந்தவர்களுக்கு இதன் வேதனை புரியும். நீளம் கூடுதல் என்றால் ஒன்றுமில்லை, மடித்து ஊக்கு குத்திவிடலாம். அகலம் போதவில்லை என்றால்? தையலுக்குள் துணி விட்டிருந்தால்தான் பிரித்து விட முடியும், அதுவும் உட்கார்ந்து தைக்க நேரம் இருந்தால். வெளியே ஜனம் காத்திருக்கிறது. கடைசியில் முதுகுப் பக்கம் பிரித்துவிட்டு, ஊக்குகளால் இழுத்துப் பிடித்து, மேலே சிவப்புத் தோள்போர்வையைப் போட்டு மூடினார்கள் என்று சொல்வார்கள். அந்தப் போர்வை மட்டும் இல்லையென்றால் மானம் போயிருக்கும்!

கண்ணை மூடி ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். மாடத்தின் கதவு திறக்கிறது. உலகமே பார்க்கிறது. முன்பக்கம் பாப்பரசர். பின்பக்கம் ஊக்கு. குனிந்தால் தெறிக்கும். ஆசீர் கொடுக்கக் கையைத் தூக்கினால் தெறிக்கும். அவர் சிரிக்கிறார்! ‘எல்லாருக்கும் நான் வேண்டும், தையல்காரருக்கு மட்டும் வேண்டாம் போலிருக்கிறது’ என்று சொன்னதாகக் கதை. சொன்னாரோ இல்லையோ, அவர் சொல்லக்கூடியவர் என்று உலகம் நம்பியது பாருங்கள், அது குணமா சங்கமா?

அம்மா, துண்டு என்றீர்களே. துண்டுக்கு ஏதம்மா அளவு? துண்டு யாருக்கும் சேரும். மூன்று அளவில் தைத்தும் ஒன்றிலும் அடங்காத மனிதரைப் போய்த் துண்டு என்கிறீர்களே!

(மணி அடிக்க வேண்டாம் ஐயா, இது கைதட்டல் நேரம். என் கணக்கில் சேராது.)

இன்னொன்று. நம்மூர்த் துண்டு, ஆள் வரும் வரைக்கும் சும்மா கிடக்கும். இந்தத் துண்டு என்ன செய்தது? இரண்டு மாதம் முடிவதற்குள், 1958 டிசம்பரில், 23 புதிய கர்தினால்களை ஆக்கியது. 70 பேருக்கு மேல் போகக் கூடாது என்று ஐந்தாம் சிக்ஸ்துஸ் 1586-இல் போட்ட வேலியைத் தாண்டியது. அந்த 23-இல் முதல் பெயர் யாருடையது? மொந்தினி! இடத்துக்கு உரியவரைத் துண்டே எழுந்துபோய்க் கையைப் பிடித்து ஏற்றிய பஸ்ஸை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

1959 ஜனவரி 25, தேர்வாகி தொண்ணூறு நாள்கூட ஆகவில்லை, புனித பவுல் பேராலயத்தில் சங்கம் கூட்டப் போவதாக அறிவித்தார். கூடியிருந்த கர்தினால்கள் வாயடைத்துப் போனார்கள். ‘உன் அணிக்கு எதிராக நீயே பேசுகிறாயே’ என்று நடுவர் பார்க்கிறார். இல்லை ஐயா, இதோ வருகிறேன்.

சங்கத்தால்தான் பூசை தமிழில் வந்தது, ஆகவே சங்கம்தான் இவர் சொத்து என்றார் எதிரணியின் இரண்டாவது பேச்சாளர். தம்பி, 1962 பிப்ரவரி 22 அன்று இதே யோவான் ஓர் ஆவணத்தில் கையெழுத்திட்டார். குருமடங்களில் முக்கியப் பாடங்களை லத்தீனில்தான் நடத்த வேண்டும் என்று சொல்லும் ஆவணம்! தாய்மொழிக்கு வழிவிட்ட திருவழிபாட்டு ஏடு 1963 டிசம்பர் 4 அன்று வெளியானது. ஆதரவு 2,147, எதிர்ப்பு 4. வெளியிட்டவர் ஆறாம் பவுல், அதாவது மொந்தினி. யோவான் இறந்ததோ 1963 ஜூன் 3. அம்மா அடுக்கிய 16 ஏடுகளில் அவர் உயிரோடு இருந்தபோது வெளியானவை எத்தனை? பூஜ்யம். ஏடுகளை வைத்து எடை போட்டால் உங்கள் தராசில் அவர் தட்டு காலி. அப்புறம் எதற்காக அவர் பெயரைச் சொன்னால் இன்றும் ரோமாபுரிக் கிழவிகள் ‘நல்ல பாப்பரசர்’ என்கிறார்கள்?

அதே சங்க மண்டபத்திலிருந்தே ஒன்று சொல்கிறேன். 1962 நவம்பர் 10. யுகோஸ்லாவியாவின் மொஸ்தார் ஆயர் சூலே எழுந்து, பூசையின் நற்கருணை மன்றாட்டில் சூசையப்பர் பெயரைச் சேருங்கள் என்று பேசினார். பதற்றம், ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார், நேரம் போகிறது. மண்டபத்தில் முணுமுணுப்பு. தலைமை வகித்த கர்தினால் ருஃபீனி, ‘உமது புனிதமான உரையை முடித்துக்கொள்ளும், நாங்கள் எல்லாருமே சூசையப்பரை நேசிக்கிறோம்’ என்கிற மாதிரி வெட்டினார். சிரிப்பு கிளம்பியது. ஆயர் உட்கார்ந்துவிட்டார்.

தன் அறையில் இருந்த தொலைக்காட்சித் திரையில் யோவான் பார்த்துக்கொண்டிருந்தார். சிரித்தவர்களில் பலருக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும். சூலே கம்யூனிச அரசின் சிறையில் பல ஆண்டு அடைபட்டு, உடல் நொறுங்கி வந்தவர். அந்தப் பதற்றம் அங்கிருந்து வந்தது. மூன்றே நாள். நவம்பர் 13 அன்று அறிவிப்பு வந்தது: சூசையப்பர் பெயர் சேர்க்கப்படுகிறது. பல நூற்றாண்டாக யாரும் கைவைக்கத் துணியாத மன்றாட்டு அது. குழுவும் இல்லை, வாக்கெடுப்பும் இல்லை. அன்றைக்குச் சங்கம் சிரித்தது, ஐயா. கேட்டுக்கொண்டிருந்தது யார்?

(ஒரு மணி அடித்துவிட்டது. இன்னொன்று பாக்கி இருக்கிறது.)

ரோமாபுரியின் ரெஜினா சேலி சிறை, 1958 டிசம்பர் 26. ‘நீங்கள் என்னிடம் வர முடியாது, நான் வந்துவிட்டேன்’ என்று கைதிகளிடம் சொன்னார். அனுமதி இல்லாமல் வேட்டையாடிப் பிடிபட்ட தன் சொந்தக்காரர் ஒருவரைப் பற்றியும் அவர்களிடம் சொல்லிவிட்டார். நம் வீடுகளில் உள்ளே போய்வந்த மாமாவைக் கல்யாணப் பத்திரிகையில்கூடப் போடமாட்டோம்.

1962 செப்டம்பரில் வயிற்றில் புற்றுநோய் என்று மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். வெள்ளை அங்கிக்கு அடங்காத அதே வயிறு. அடுத்த மாதம், அக்டோபர் 11, சங்கம் தொடங்கிய நாள். காலையில் நீண்ட லத்தீன் உரை. இரவு சதுக்கத்தில் தீப்பந்தங்களோடு ஜனம் கூடிவிட்டது. ‘நான் பேசியாகிவிட்டது, இனி முடியாது’ என்றார். செயலர் கப்போவில்லா, ‘பேச வேண்டாம், ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தால் மட்டும் போதும்’ என்றார். பார்த்தார். திறக்கச் சொன்னார். நிலாகூட இன்றைக்கு அவசரமாக ஓடி வந்திருக்கிறது பாருங்கள் என்றார். வீட்டுக்குப் போனதும் உங்கள் பிள்ளைகளைத் தடவிக்கொடுங்கள், இது பாப்பரசர் தடவியது என்று சொல்லுங்கள் என்றார். எழுதி வைக்காத பேச்சு. அன்று காலை வாசித்த உரையில் ஒரு வரி இந்தப் பந்தலில் எத்தனை பேருக்குத் தெரியும்? கையைத் தூக்குங்கள். அம்மா, நீங்கள் தூக்கக் கூடாது, நீங்கள் பேராசிரியை.

அப்பாவைப் பாக்கி வைத்திருந்தேன். பெர்கமோ பக்கத்தில் சோத்தோ இல் மோந்தே என்று ஒரு கிராமம். அங்கே குத்தகைக்கு உழுத விவசாயி ஜொவான்னி பத்திஸ்தா ரொன்காலி. விளைச்சலில் பங்கு நிலக்காரருக்கு. ஒரு டஜனுக்கு மேல் பிள்ளைகள், அதில் நாலாவது இந்த ஆஞ்சலோ. பொடியனாக இருந்தபோது பக்கத்து ஊர் போந்தே சான் பியெத்ரோவில் ஒரு விழாக் கூட்டம். பையன் உயரத்துக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்பா தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

எழுபது வருடம் கழித்து, பாப்பரசரை நாற்காலியோடு தோளில் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்கு நடுவே கொண்டுபோகிறார்கள். எல்லாரும் கத்துகிறார்கள். கிழவருக்கு அப்போது சாம்ராஜ்யம் நினைவுக்கு வரவில்லை. அன்றைக்கு போந்தே சான் பியெத்ரோவில் அப்பா என்னைத் தூக்கினார், இன்றைக்குப் பிள்ளைகள் மறுபடியும் தூக்குகிறார்கள் என்று சொன்னார்.

அம்மா, உங்கள் உவமையை நான் திருப்பித் தரப் போவதில்லை, வைத்துக்கொள்கிறேன். நம் ஊர் விவசாயிக்குத் துண்டு பஸ் ஸீட்டில் கிடக்காது, தோளில் கிடக்கும். பிள்ளை அழுதால் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, அது கிடந்த இடத்தில் பிள்ளையை உட்கார வைப்பார்.

இரண்டாவது மணியும் அடித்துவிட்டது. வணக்கம்.