ஐந்தில் வளைக்கப்பட்டவர்கள்

மேடையில் வீற்றிருக்கும் கோயில் அறங்காவலர் தலைவர் அவர்களே, தமிழ்ச் சங்கப் பொறுப்பாளர்களே, வேறு கூட்டத்தை விட்டுவிட்டு நமக்காக வந்திருக்கும் நகரமன்ற உறுப்பினர் அவர்களே, பின்னால் சமையற்கட்டில் இன்னும் சாம்பார் அண்டாவோடு நிற்கும் அம்மாமார்களே, நம் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிப் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

பட்டாளத்துக்குள் இனவெறி எப்படி நுழைகிறது, உள்ளே எப்படி ஒளிந்துகொள்கிறது, அதை எப்படிக் களைவது என்று மூன்று விஷயம் பேசப்போகிறேன். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பார்கள். ஐந்தில் கோணலாக வளைத்துவிட்டாலும் ஐம்பதில் நிமிராது, அதுதான் என் பயம்.

நம் தென்னாப்பிரிக்காவின் பூரேமாக் வழக்கு பெரியவர்களுக்கு நினைவிருக்கும். வெள்ளையர் ஆட்சியைத் திரும்பக் கொண்டுவரச் சதி செய்த கூட்டம் அது. அதில் பணியில் இருந்த இராணுவ அதிகாரிகளும் இருந்தார்கள். 2002 அக்டோபர் 30 அன்று கருப்பின மக்கள் வாழும் சொவெட்டோவில் குண்டு வைத்தார்கள், தண்டவாளம் பிய்ந்தது, பள்ளிவாசல் சேதமானது, ஒரு பெண் செத்துப்போனாள். அதே மாதம் மண்டேலாவையும் கொல்லப் பார்த்தார்கள். அவர் எங்கே போய்க்கொண்டிருந்தார் தெரியுமா? லிம்போபோ மாகாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தைத் திறந்து வைக்க! பதவியை விட்டு இறங்கி மூன்று வருஷமான, எண்பத்து நாலு வயசுக் கிழவர், கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறக்கப் போகிறார், அவர் கார் வரும் வழியில் குண்டு வைத்து முடித்துவிடலாம் என்று இவர்கள் திட்டம் போடுகிறார்கள், கிழவரோ காரை விட்டுவிட்டு ஹெலிகாப்டரில் போய் இறங்கிவிட்டார்! கைதட்டுங்கள், தட்ட வேண்டிய இடம்தான் இது. வழக்கு பத்து வருஷம் இழுத்தது. 2013இல் இருபது பேருக்கு 5 முதல் 35 ஆண்டு வரை தண்டனை.

இவர்கள் எங்கே முளைத்தார்கள்? பழைய நிறவெறி ஆட்சியில் வெள்ளைக்காரப் பையன்களுக்குப் பள்ளியிலேயே கேடட் பயிற்சி, முடித்ததும் கட்டாயப் பட்டாளம், அங்கே கருப்பு அபாயம், சிவப்பு அபாயம் என்று, அதாவது கருப்பர்களும் கம்யூனிஸ்டுகளும் ஆபத்து என்று பாடம். ஐந்திலேயே வளைத்தார்கள் ஐயா. 1994இல் பழைய அரசுப் படை, விடுதலைப் படைகள் என்று ஏழு படைகளை ஒன்றாக இணைத்தோம், சீருடையை மாற்றினோம், சரி, மனசை யார் மாற்றினார்கள்?

ஜெர்மனியிலும் இதே கதைதான். அவர்களுடைய கேஎஸ்கே சிறப்புப் படையில் ஒருவர் வீட்டுத் தோட்டத்தைத் தோண்டினால் துப்பாக்கியும் வெடிமருந்தும் வருகிறது. படையின் கணக்கில் 48,000 தோட்டாக்கள் இடிக்கின்றன. தீவிர வலதுசாரி வெறி உள்ளே ஒளிந்திருந்ததால் 2020இல் அதன் ஒரு முழுப் படைப்பிரிவையே கலைத்தார்கள். களைவது எப்படி என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நம் வாசலையும் பார்ப்போம். 2021 ஜூலைக் கலவரத்தின்போது ஃபீனிக்ஸில் நம் இந்திய வம்சாவளிப் பையன்கள் தெருமுனையில் டயரையும் கல்லையும் போட்டு மறித்து, ஜூலுக்காரர்களை நிறுத்தி எங்கே போகிறாய் என்று கேட்டார்கள். பயம் இருந்தது, கடைகள் எரிந்தன, அது நிஜம். ஆனால் அந்த ஊரில் மட்டும் 36 உயிர் போனது. பட்டாளத்தை இறக்கித்தான் அடக்க வேண்டியிருந்தது. அந்தப் பையன்களில் ஒருவன் நாளைக்குச் சீருடை போட்டால் அவனும் அதே மனசோடுதானே உள்ளே போவான்? ஐந்தில் வளையாதது!

களைவது எப்படி என்றேனே, அதற்குத்தான் வருஷக்கணக்காகக் கத்துகிறேன்: இந்த மண்டபத்தில் சனிக்கிழமை வகுப்பு வேண்டும், தமிழும் ஜூலுவும் ஒரே பெஞ்சில், பக்கத்துத் தெரு ஜூலுப் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார. அறங்காவலர் ஐயா, மண்டபம் காலை முழுக்கச் சும்மாதான் கிடக்கிறது. சாவியை மட்டும் கொடுங்கள், கரும்பலகை நான் வாங்கித் தருகிறேன். பிள்ளைகளின் பெயரைச் சாப்பாட்டுக்குப் போகும் முன் வாசலில் உள்ள நோட்டில் எழுதுங்கள்.