குலுக்கிவிட்டுக் குடிக்கவும்

நேயர்களுக்கு வணக்கம். மனசுக்குப் பிடித்த ஒருவரைப் பற்றிப் பேசுங்கள் என்று நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். யார் யாரையோ யோசித்துவிட்டுக் கடைசியில் எங்கள் அப்பாவிடமே வந்து நின்றேன். அவர் கம்பவுண்டர். அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு அரசு ஆஸ்பத்திரி. 1996-இல் ஓய்வு பெறும்வரை மருந்து கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னால்தான் அவருக்கு வாழ்க்கை.

ஆபீஸ் தாளில் அவர் மருந்தாளுநர். ஊருக்குக் கம்பவுண்டர். எங்கள் வீடு கம்பவுண்டர் வீடு, நான் கம்பவுண்டர் மக. எனக்குக் கல்யாணமாகிப் பேரன் எடுத்த பிறகும் ஊரில் அப்படித்தான்.

இன்றைய பிள்ளைகளுக்கு மிக்சர் என்றால் தின்கிற பண்டம். அன்றைக்கு அது மருந்து. பாட்டில் நாம்தான் கொண்டுபோக வேண்டும். காலையில் பார்த்தால் பீடி சுற்றுகிற பெண்கள் சொளவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மறுகையில் பாட்டிலோடு வரிசையில் நிற்பார்கள். வயிற்றுப் பொருமலுக்குச் சிவப்பு மருந்து. அதில் சேர்கிற ஏலக்காய் டிஞ்சருக்கு அந்தச் சிவப்பு ஒரு பூச்சியைக் காயவைத்துப் பொடித்ததால் வந்தது. இதை அப்பா சோறு தின்னும்போது சொல்லி, அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

வயிற்றுப்போக்குக்குக் கயோலின். அது வெள்ளைக் களிமண்தான். கொஞ்ச நேரம் சும்மா வைத்தால் அடியில் மண்டிவிடும். குலுக்காமல் குடித்தால் முதல் வேளை வெறும் தண்ணீர், கடைசி வேளை வெறும் மண். அதனால் ஒவ்வொரு ஆளுக்கும் "குலுக்கிட்டுக் குடிங்க" என்று சொல்லித்தான் பாட்டிலைக் கையில் கொடுப்பார். பழைய ரிஜிஸ்டர் தாளை நீளமாகக் கிழித்து, மடித்து, ஓரத்தில் கத்தரியால் ஒரு வெட்டு. பிரித்தால் பல் பல்லாக நிற்கும். மைதாப் பசை தடவிப் பாட்டிலில் ஒட்டுவார். ஒரு பல்லுக்கு ஒரு வேளை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அது புரிந்தது.

கண் தெரியாத ஆச்சி ஒருத்தி வந்தபோதுதான் சிக்கல். பல்லைத் தடவிப் பார்க்கலாம், மருந்து எதுவரை இருக்கிறது என்று தடவிப் பார்க்க முடியுமா? அப்பா வீட்டுக்கு வந்து, நாங்கள் நாலு பேரும் பால் குடித்து வளர்ந்த பித்தளைப் பாலாடையை எடுத்துப் போனார். அளவு கிளாசில் தண்ணீர் ஊற்றிப் பார்த்து, "ரெண்டு பாலாடை ஒரு வேளை ஆச்சி. விரலை ஓரத்துல வச்சு ஊத்துங்க, விரல் நனைஞ்சா நிறுத்திருங்க" என்று கொடுத்துவிட்டார். அது திரும்பி வரவே இல்லை. "எந்த வீட்டுலயாவது பாலாடையத் தூக்கித் தானம் கொடுப்பாகளா?" என்று அம்மா பல வருஷம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கம்பவுண்டர் பிள்ளை என்று எங்களுக்குச் சலுகை ஒன்றும் கிடையாது. ஒரு தடவை எனக்குக் காய்ச்சல். சீட்டு எழுதுகிறவர் அன்றைக்கு லீவு, அப்பாதான் உட்கார்ந்திருந்தார். வரிசையில் நின்று என் முறை வந்ததும், தலையை நிமிர்த்தாமல் "பேரு?" என்றார். சொன்னேன். "அப்பா பேரு?" அதையும் சொன்னேன். எழுதினார். பின்னால் நின்றவர்கள் சிரித்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் காய்ச்சலைவிட அதிகம்.

ராத்திரி தேள் கடி, பிள்ளைக்கு இழுப்பு என்று யாராவது கதவைத் தட்டினால் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். காசு வாங்க மாட்டார். முருங்கைக்காய் கொடுத்தால் வாங்குவார். அம்மாவைச் சினிமாவுக்குக் கூட்டிப் போகிறேன் என்று சொன்ன ஞாயிற்றுக்கிழமைகள் பல இப்படித்தான் போயின. நல்லவர்தான், அம்மாவுக்கு அதில் பாதி நல்லவராக இருந்திருந்தால் போதும் என்று எனக்குத் தோன்றியதுண்டு.

1994-இல், அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கிக் கொடுக்கிற தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வந்தது. அப்புறம் அட்டை அட்டையாக மாத்திரை வர ஆரம்பித்தது. கலக்கி ஊற்றுகிற வேலை அதற்கு முன்பே குறைந்துகொண்டுதான் வந்தது. "இதுதான் சுத்தம், இதுதான் சரி" என்று அப்பாவே சொல்வார். ஆனாலும் அந்தக் கத்தரியை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார். பேரப்பிள்ளைகளுக்குக் காகிதத்தில் பல் வெட்டிக் காட்டுவார்.

கடைசி மாதங்களில் அவருக்குக் கை நடுக்கம். சிரப்பை மூடியில் ஊற்றிக் கொடுத்தால் பாதி சட்டையில் சிந்தும். அம்மா கொள்ளுப்பேரனுக்கு வாங்கி வைத்திருந்த பாலாடையை எடுத்து வந்து, அதில் மருந்தை ஊற்றி அவர் வாயருகே கொண்டுபோனாள். அவர் வாயைத் திறக்கவில்லை. அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்:

"குலுக்கினியா?"